300 தோற்றது, 301 ஜெயித்தது: காகிதத்தில் ஒரு ரீட்-சாலமன் டிகோடர்

நேற்று இரவு ஒரு ஏ4 தாளின் நடுவில் 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைத் தாளை ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழுசாக மறைத்து, ஸ்கேனரில் வைத்தேன். படம் வந்ததும் நிரலை ஓட்டினேன். சில வினாடிகளில் திரையில் வந்தது: 301 கட்டும் (தரவைப் பிரித்துவைத்த துண்டுகள்) சரி, சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணும் பொருந்தியது. தாளில் அச்சடித்திருந்த கோப்பு ஒரு பைட்கூடக் குறையாமல் திரும்பி வந்துவிட்டது. ஆறு வாரம் இழுத்த வேலை. தொடங்கும்போது இரண்டு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு கேள்வி. கெட்டுப்போன தரவைக் கூடுதல் பிட்டுகளை வைத்து மீட்கிற பிழை திருத்தும் குறியீடுகளைப் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன், கட்டுரையும் எழுதியிருக்கிறேன். போன பருவத்தில் அவற்றில் ஒன்றான ரீட்-சாலமன் குறியீட்டின் நிரூபணத்தைப் பலகையில் எழுதி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்தபோது ஒரு மாணவி கேட்டார்: "சார், இதை நீங்க எப்பவாவது முழுசா எழுதி ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?" இல்லை. சிமுலேஷன் செய்யும்போதெல்லாம் யாரோ எழுதிவைத்த நூலகத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அதில் பிழைகள்கூட நான் சொன்ன விகிதத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், நல்ல பிள்ளைகளாக வரும். நிஜப் பிழைகள் எப்படி வரும் என்று நான் பார்த்ததே இல்லை.

சரி, கையில் என்ன இருக்கிறது? ஒரு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் பிரிண்டர், ஒரு தட்டை ஸ்கேனர், மில்லிமீட்டர் கோடு தேயாத எஃகு அளவுகோல், 1 மி.மீ. முனை மார்க்கர், ஒரு பூதக்கண்ணாடி, பைத்தான். ஒரு கோப்பைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் தாளில் அச்சடித்து, தாளைக் கெடுத்து, திரும்பப் படிப்பது என்று முடிவு செய்தேன். க்யூஆர் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் மிகப் பெரிய வடிவமே 177×177 கட்டம்தான்; மிகக் குறைந்த திருத்தும் அளவை வைத்தாலும் 2,953 பைட்டுக்கு மேல் கொள்ளாது. எனக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒரே துண்டாக வேண்டும். தவிர, அதைப் பயன்படுத்தினால் மாணவியின் கேள்விக்குப் பதில் மறுபடியும் "இல்லை"தான்.

முதல் வாரம் குறியீட்டுப் பக்கமே போகவில்லை. தெரிந்த ஒரு வடிவத்தை அச்சடித்து, ஸ்கேன் செய்து, எத்தனை பிட் தப்பாக வருகிறது என்று மட்டும் எண்ணினேன். ஒரு கட்டத்துக்கு 4 பிரிண்டர் புள்ளி, அதாவது 0.17 மி.மீ. என்று ஆரம்பித்தேன். பேராசை. நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்த வெள்ளைக் கட்டங்களை டோனர் மூடிவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எறும்புப் புற்று மாதிரி ஒரே அப்பல். 6 புள்ளிக்குப் போனேன். ஒரு கட்டம் 0.254 மி.மீ., அங்குலத்துக்குச் சரியாக 100 கட்டம். தரவுப் பகுதி 640 கட்ட அகலம், 960 கட்ட உயரம். மொத்தம் 6,14,400 பிட், 76,800 பைட். ஒரு வரிக்கு 80 பைட். இந்த 80-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் காலை வாரப்போவது இதுதான்.

6 புள்ளியிலும் தாளுக்கு 1,140 பிட் தப்பு. அப்போது செய்த ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது: கறுப்புக் கட்டத்தை 6×6 முழுக்க நிரப்பாமல் 5×5 மட்டும் நிரப்பி, ஒரு புள்ளி அகலத்தை டோனர் பரவுவதற்கென்று விட்டுவைத்தேன். தப்பு 212-க்கு இறங்கியது.

அதற்கு முன் ஒரு முழு மாலை வீணாகப் போனதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் மட்டும் திடீரென்று பாதிக்குப் பாதி தப்பு. கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் வாசல் மதிப்பை மாற்றினேன், படத்தைச் சுழற்றிப் பார்த்தேன், ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். கடைசியில் அளவுகோலை எடுத்துத் தரவுப் பகுதியைச் சுற்றிய சட்டத்தின் அகலத்தை அளந்தேன். 162.6 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 157.7. பிரிண்டர் உரையாடல் பெட்டியில் "பக்கத்துக்குப் பொருத்து" தானாகவே தேர்வாகியிருந்தது. 97 சதவீதமாகச் சுருக்கி அடித்திருக்கிறது. 6 புள்ளிக் கட்டம் சில இடத்தில் 6, சில இடத்தில் 5. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளும் வெளியே வந்ததும் முதலில் அளவுகோல்தான்.

ஸ்கேனையும் 600 டிபிஐயில், சாம்பல் நிறத்தில், பிஎன்ஜியாகச் சேமித்தேன். நான்கு மூலையிலும் தடித்த சதுரக் குறி. அவை மட்டும் போதவில்லை. பிரிண்டருக்குள் தாள் நகரும் வேகம் ஒரே சீராக இல்லை, பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் வரை விலகியது. இரண்டு ஓரத்திலும் 64 வரிக்கு ஒரு சின்னக் குறி வைத்ததும் அது சரியானது. கோப்பில் நீளமாகச் சுழியங்கள் வந்தால் தாளில் வெறும் வெள்ளைத் திட்டு வருகிறது, கறுப்பு எது வெள்ளை எது என்று ஒப்பிட ஆள் இல்லை. அதனால் எல்லா பிட்டையும் ஒரு போலி-சீரற்ற வரிசையோடு எக்ஸார் செய்து (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) அச்சடித்தேன். படித்தபின் அதே வரிசையோடு இன்னொரு எக்ஸார்.

அப்புறம் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டு ஒரு வாரம் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். 212 தப்பு 1,900 ஆனது. எங்கே என்று வரைந்து பார்த்தால், அநேகமாக எல்லாமே இரண்டு மடிப்புக் கோட்டின் மேல். மடிப்பில் டோனர் உதிர்கிறது. நல்ல பிள்ளைகள் இல்லை இவை, கும்பலாக வருகிற பிள்ளைகள்.

இனிதான் குறியீடு. ஒவ்வொரு பிட்டையும் மூன்று தடவை அடித்துப் பெரும்பான்மை எடுப்பதை விளையாட்டாகச் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் ஒரு தாளில் 25,600 பைட்தான் மிஞ்சும். 4 பிட் தரவோடு 3 பிட் சரிபார்ப்பு சேர்க்கும் ஹாமிங் (7,4) வைத்தால் 43,885. ரிச்சர்ட் ஹாமிங் 1940-களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் ரிலே கணினியை வார இறுதிகளில் பயன்படுத்தினார். ஒரு பிழை கண்ணில் பட்டால் அந்த இயந்திரம் அவருடைய வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த எரிச்சலில் பிறந்து 1950-இல் வெளிவந்த குறியீடு இது. எரிச்சலை நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன், ஆனால் குறியீடு என் தாளுக்கு ஆகவில்லை. பிழைகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் கணக்குப்படி நான்கைந்து தாளுக்கு ஒரு ஏழு-பிட் துண்டு தப்பினால் அதிகம். மடிக்காத சுத்தமான தாளிலேயே 31 துண்டு தப்பியது. ஒரு துகள் தூசி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கட்டங்களை மூடுகிறது. ஏழில் ஒன்று கெட்டால் ஹாமிங் திருத்தும். இரண்டு கெட்டால், நன்றாக இருக்கிற மூன்றாவதையும் போய்க் கெடுத்துவிட்டு வரும்.

ஆக, ரீட்-சாலமன். 1960-இல் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் ஐந்தே பக்கத்தில் எழுதியது. பிட்டைப் பார்க்காமல் பைட்டைப் பார்க்கும். ஒரு பைட்டில் ஒரு பிட் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் அதற்கு ஒரே பிழை. கும்பலாக வரும் பிள்ளைகளுக்கு இதுதான் தோது. 255 பைட் கொண்ட கட்டு. அதில் 223 என் தரவு, 32 சரிபார்ப்பு. ஒரு கட்டில் எங்கே என்றே தெரியாத 16 பிழை வரை திருத்தலாம். வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது படங்களை அனுப்பியதும் இதே (255, 223) அளவில்தான். உள்ளே இருக்கும் பல்லுறுப்புக்கோவை மட்டும் வேறு.

என் பல்லுறுப்புக்கோவையில்தான் முதல் அடி விழுந்தது. 256 உறுப்புகள் கொண்ட புலத்தில் (கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அதற்குள்ளேயே வரும் எண் தொகுதி) பெருக்க ஒரு எட்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை வேண்டும். மறையாக்கம் பற்றிய ஒரு பழைய நிரலிலிருந்து 283 என்ற எண்ணை எடுத்துவந்து போட்டேன் (அதன் பிட்டுகள்தான் பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள்), ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை பயன்படுத்துவது. ஆல்ஃபாவாக, அதாவது தன் அடுக்குகளால் கட்டின் இடங்களுக்குப் பெயர் தரும் உறுப்பாக, வழக்கம்போல 2. பெருக்கலை அட்டவணை இல்லாமல் பிட் பிட்டாக நகர்த்திச் செய்தேன். கட்டு தயார், சிண்ட்ரோம் (பிழை இல்லாவிட்டால் சுழியமாக வரும் சோதனை எண்கள்) கணக்கிட்டேன், 32-உம் சுழியம். ஆஹா என்றிருந்தது. 10-ஆம் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை போட்டேன். ஒரு பிழை, ஒரு இடம் வரவேண்டும். டிகோடர், அதாவது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் நிரல், ஐந்து இடம் சொன்னது:

10, 61, 112, 163, 214.

தேடும் சுழலில் தப்பு என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். இரண்டு மாலை. மூன்றாம் நாள் அந்த ஐந்து எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். 51, 51, 51, 51. உடனே 2-இன் அடுக்குகளை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன்: 51-ஆவது அடுக்கிலேயே 1 வந்துவிட்டது. 283-இன் புலத்தில் 2 எல்லா உறுப்பையும் தொடாது; 51-ஐ மட்டும் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். அங்கே 3-தான் முழுச் சுற்று சுற்றும். 255 இடங்களுக்கு வெறும் 51 பெயர், ஒரே பெயரில் ஐந்து பேர். க்யூஆர் பயன்படுத்தும் 285-க்கு மாற்றினேன். அதில் 2 முழு 255-ஐயும் சுற்றுகிறது. ஒரு இலக்கம் மாறியது, அவ்வளவுதான். "ஆல்ஃபா ஒரு மூல உறுப்பாக இருக்க வேண்டும்" என்று பலகையில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த இரண்டு தப்பும் எல்லோரும் செய்கிறதுதான் என்று நம்புகிறேன். ஒன்று, இடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் பிடித்தது: கட்டின் முதல் பைட் 254-ஆம் அடுக்கின் கெழு, நானோ அதைச் சுழியம் என்று எண்ணியிருந்தேன். திருத்தியபின் பிழை இரட்டிப்பானது. இன்னொன்று கொஞ்சம் விஷமமானது. இடம் எல்லாம் சரியாக வருகிறது, அங்கே போட வேண்டிய மதிப்பு மட்டும் தப்பு. சரிபார்ப்பு பைட்டுகளை உருவாக்கும் என் பல்லுறுப்புக்கோவையின் மூலங்கள் ஆல்ஃபாவின் சுழிய அடுக்கிலிருந்து ஆரம்பிக்கின்றன. பிழையின் மதிப்பைத் தரும் ஃபோர்னி சூத்திரத்தை ஒன்றாம் அடுக்கிலிருந்து ஆரம்பிக்கும் வடிவத்தில் எழுதியிருந்தேன். இடத்துக்குரிய மதிப்பால் ஒரு தடவை கூடுதலாகப் பெருக்க வேண்டும். கண்டுபிடித்த விதம்: சுழியம் மட்டுமே உள்ள கட்டில் ஒரே ஒரு பிழை, மதிப்பு 1, இடத்தை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். சுழியமாம் அடுக்கில் மட்டும் பதில் சரி, மற்ற எல்லாம் தப்பு. அதற்கு மேல் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று பிழை, ஐந்து பிழை என்று கலந்துகட்டிச் சோதித்துக்கொண்டிருந்த முந்தைய மூன்று மாலையும் வீண்.

சிண்ட்ரோமிலிருந்து பிழை இடங்களுக்கான பல்லுறுப்புக்கோவையைக் கண்டுபிடிக்கும் பெர்லகாம்ப்-மாஸி வழிமுறை, நான் பயந்ததற்கு மாறாக, முதல் தடவையே ஓடியது.

பெருக்கலை மடக்கை அட்டவணைக்கு மாற்றியதும் ஒரு தாளைத் திருத்த 11 வினாடி ஆனது 3 வினாடிக்கு வந்தது. இப்போது தாளில் போடலாம். 76,800 பைட்டில் 255 பைட் கட்டு 301 போகும். 301 என்ற எண் அசிங்கமாகப் பட்டது. 300 என்று வைத்துக்கொண்டேன். கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அச்சடித்தேன்.

மார்க்கரை எடுத்து அளவுகோல் வைத்து மேலிருந்து கீழே 1 மி.மீ. தடிமனில் ஒரு கோடு. ஸ்கேன். 300-உம் சரி! மாணவிக்கு அன்றே படம் அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே வரி: "குறுக்கே கோடு போட்டா?"

குறுக்கே போட்டேன். 147, 148-ஆம் கட்டுகள் இரண்டும் போய்விட்டன. யோசித்தால் வெட்கக்கேடு: ஒரு கட்டு என்பது மூன்று வரி, கொஞ்சம் கூட. உயரம் 0.81 மி.மீ. என் மார்க்கர் கோடு அதைவிடத் தடிமன். நெடுக்குக் கோடு ஒவ்வொரு கட்டிலும் மூன்று நான்கு பைட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. குறுக்குக் கோடு ஒரு கட்டை அப்படியே விழுங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து இன்டர்லீவிங், சீட்டுப் பிரிக்கிற மாதிரி. முதல் கட்டின் முதல் பைட், இரண்டாம் கட்டின் முதல் பைட் என்று எல்லாக் கட்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துவைத்து, பிறகு எல்லாவற்றின் இரண்டாம் பைட். தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை வெவ்வேறு கட்டைச் சேர்ந்தவை. சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடுவது இப்படித்தான்; அங்கே இரண்டு ரீட்-சாலமன் குறியீடு, (28, 24) ஒன்று, (32, 28) ஒன்று, நடுவில் பைட்டுகளை நூற்றுக்கு மேற்பட்ட ஃபிரேம்களில் பரப்புகிற இன்டர்லீவிங். என்னுடையது அதைவிட எளிது, நான்கு வரி நிரல்.

புதுத் தாள். குறுக்குக் கோடு: எல்லாம் சரி. 5 மி.மீ. பட்டை: சரி. 12 மி.மீ.: சரி. சும்மா ஒரு சடங்குக்காகப் பழைய நெடுக்குக் கோட்டையும் இன்னொரு தாளில் போட்டேன், ஏற்கெனவே ஜெயித்த சோதனைதானே.

15 கட்டு தோற்றது.

இன்டர்லீவிங் இல்லாதபோது தாங்கிய கோட்டை, இன்டர்லீவிங் போட்டபின் தாங்கவில்லை. பிரித்து எடுக்கும் நிரலில் தப்பு என்றால் குறுக்குக் கோடும் தோற்றிருக்க வேண்டும். இந்தத் தடவை முந்தைய பாடம் ஞாபகம் வந்து, நிரலைத் தொடாமல் தோற்ற கட்டுகளின் எண்ணை வரிசையாக எழுதினேன். 7, 27, 47, 67, 87... 287 வரை. இருபது இருபதாகத் தாண்டுகிறது.

அளவுகோலை வைத்தேன். கோடு சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து 97 மி.மீ. தள்ளி இருந்தது, அதாவது ஒவ்வொரு வரியிலும் 47-ஆவது பைட். ஒரு வரி இறங்கினால் 80 பைட் தள்ளிப் போகிறோம். 300 கட்டு சுற்றில் 47, 127, 207, 287, அப்புறம் 367 என்பது 67, 147... 80-க்கும் 300-க்கும் பொதுவாக 20 இருக்கிறது. அதனால் இந்தக் கோடு 300 கட்டையும் தொடுவதே இல்லை. அதே 15 கட்டையே சுற்றிச் சுற்றித் தொடுகிறது. ஒரு கட்டுக்கு 60 பைட் அளவுக்குக் கெட்டிருந்தது. தாங்குவது 16.

அழகுக்காக நான் வெட்டியெறிந்த அந்த ஒரு கட்டைத் திரும்பச் சேர்த்தேன். 301 என்றால் 7 × 43. 80-இல் 2-உம் 5-உம் மட்டும்தான். பொதுவாக ஒன்றுமே இல்லை. கோடு இப்போது 301 கட்டையும் ஒரு சுற்று தொட்டபின்தான் பழைய கட்டுக்குத் திரும்பும். கட்டுக்கு 3 அல்லது 4 பைட். நிரலில் மாறியது ஒரு எண். அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டேன், 301-உம் சரி. குறுக்கே 16 × 301 = 4,816 பைட் வரை அடுத்தடுத்துக் கெடலாம்; 60 வரி, 15.2 மி.மீ. இந்த இடத்தை என் பாடக்குறிப்பில் ஒரே வாக்கியத்தில் தாண்டியிருக்கிறேன்: "இன்டர்லீவிங் ஆழத்தைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கவும்".

மாணவியைக் கூப்பிட்டுத் தாளையும் மார்க்கரையும் கையில் கொடுத்து, எப்படி வேண்டுமானாலும் கெடுங்கள் என்றேன். அவர் உடனே கிறுக்கவில்லை. "பக்க எண், கோப்பு நீளம் எல்லாம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். 76,800-இல் 301 கட்டு போக மிச்சம் 45 பைட். அதில் 15 பைட் தலைப்பை மூன்று பிரதியாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "கடைசி வரியிலயா?" ஆமாம். கடைசி வரியின் மேல் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று பிரதியும் காலி. 67,123 பைட் தரவு பத்திரமாக இருக்கிறது, அது என்ன கோப்பு, எத்தனை பைட் என்றுதான் தெரியவில்லை.

தலைப்பைத் தரவோடு சேர்த்துக் கட்டுகளுக்குள்ளேயே போட்டேன். ஒரு தாளுக்கு 67,108 பைட் மிஞ்சியது. அந்த 45 பைட் இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

கடைசிக் கட்டம், இடம் தெரிந்த பிழைகள். ஒரு பைட் கெட்டுவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்தால் டிகோடருக்கு வேலை பாதி. 16 பிழைக்குப் பதில் 32 வரை தாங்கும். கலந்து வந்தால், தெரியாத பிழையின் இருமடங்கும் தெரிந்த பிழையும் சேர்ந்து 32-ஐத் தாண்டக் கூடாது. ஒட்டுத்தாளை ஸ்கேனில் பார்த்தால் எனக்கே தெரிகிறது, நிரலுக்கு ஏன் சொல்லிக்கொடுக்கக் கூடாது? 16×16 கட்டச் சதுரத்தில் மிகக் கறுப்புக்கும் மிக வெள்ளைக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் அதற்குள் இருக்கும் பைட் எல்லாம் கெட்டவை என்று குறித்தேன். எக்ஸார் செய்து கலைத்திருப்பதால் 256 கட்டமும் ஒரே நிறமாக இயல்பாக வரவே வராது.

முதலில் வரம்பைத் தாராளமாக வைத்துவிட்டேன். கொஞ்சம் மங்கலான இடத்தையெல்லாம் கெட்டது என்று குறித்து, ஒரு கட்டுக்கு 41 இடம் வரை போனது. அவற்றில் பெரும்பாலானவை நன்றாகப் படிக்கக்கூடியவை. 32-ஐத் தாண்டியதால் டிகோடர் கையை விரித்துவிட்டது. சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. வரம்பை இறுக்கினேன். ஒரு கட்டுக்குக் குறித்தவை 32-ஐத் தாண்டினால் சாம்பல் வித்தியாசம் அதிகமுள்ளவற்றை விட்டுவிடச் சொன்னேன்.

அதன் பிறகுதான் நேற்றைய 20 மி.மீ. சோதனை. 79 வரி, 6,320 பைட், கட்டுக்கு 21. குறிக்காமல் ஓட்டினால் 301-உம் தோற்கிறது. குறித்து ஓட்டினால் 301-உம் வருகிறது, கட்டுக்கு இன்னும் 5 தெரியாத பிழைக்கு இடமும் இருக்கிறது. ஆசை விடவில்லை, 28 மி.மீ. ஒட்டினேன். கட்டுக்கு 29 அல்லது 30 இடம் போய், ஒரே ஒரு தெரியாத பிழைக்குத்தான் இடம். 4 கட்டு தோற்றது. அந்த நான்கிலும் தூசியால் இரண்டு பைட் கூடுதலாகக் கெட்டிருந்தது. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்தேன், 2 ஆகக் குறைந்தது. அங்கே விட்டுவிட்டேன்.

செலவுக் கணக்கு: 41 தாள், ஆறு வாரத்தில் 24 மாலை, 380 வரி பைத்தான். அதில் ஏழு மாலை புலக் கணக்கிலும் ஃபோர்னியிலும் போனது, நான்கு அச்சுக்கும் அளவுக்கும், இன்டர்லீவிங்குக்கு மூன்று. மீதி அங்கங்கே. ரீட்-சாலமனுக்காகத் தாளில் கொடுத்த இடம் 12.5 சதவீதம்.

மறுபடி செய்தால் முதலில் மாற்றுவது சோதனையின் வரிசை. ஒரு பிழை, மதிப்பு 1, 255 இடமும். அது தேறாமல் இரண்டாவது பிழையைத் தொட மாட்டேன். தாளைக் கெடுக்கும்போது நெடுக்கு, குறுக்கு, சாய்வு மூன்றும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட வேண்டும், ஏற்கெனவே ஜெயித்தது உட்பட. அப்புறம் தோற்ற இடங்களின் வித்தியாசத்தை நிரலே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 51-உம் 20-உம் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்.

பெரிய மாற்றம் ஒன்றும் மனதில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்கேனர் 0 முதல் 255 வரை ஒரு சாம்பல் மதிப்பு தருகிறது. நான் அதைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று வெட்டிவிட்டு, மீதித் தகவலைக் குப்பையில் போடுகிறேன். 130 என்று தயங்கி வந்த கட்டமும் 250 என்று அடித்துச் சொன்ன கட்டமும் டிகோடருக்கு ஒன்றாகிவிடுகின்றன. ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எல்டிபிசி குறியீடுகள் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுக்கும். ஒரு முழுத் தாள் தொலைந்தால் என்ன என்பதற்கு, நான்கு தாளுக்கு ஐந்தாவதாக ஒரு எக்ஸார் தாள் அடித்தால் போதும்; அது ஒரு மணி நேர வேலை.

மூலைக் குறிதான் இன்னும் தீராதது. மாணவி இன்று காலை வந்து, 20 மி.மீ. தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மேல் வலது மூலையை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டார். கட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான்காவது குறி இல்லாததால் நிரல் தாளையே கண்டுபிடிக்கவில்லை. அந்த மூலை இருந்திருக்க வேண்டிய இடத்தை மவுஸால் கிளிக் செய்து காட்டினேன், 301-உம் வந்தது. "கிளிக் பண்றதை டிகோடர்ல சேர்க்க முடியாது சார்" என்றார். ஓரத்தில் இருக்கும் 64 வரிக் குறிகளிலிருந்தே மூலையைக் கணக்கிடலாம் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை உட்கார வேண்டும்.